‘ஸ்டோப்’ என்னும் சுரங்க வினை: கோலார் தங்கவயலை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

1. முன்னுரை

பொது ஆங்கிலத்தில் அருகியும் சுரங்கத் தொழிலில் பெருகியும் வழங்கும் வினை ‘ஸ்டோப்’. கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பணி தொடங்கியது முதல், 2001-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரையிலான சுரங்க ஆவணங்களைத் தமிழாக்க முற்படுவோர் இவ்வினையைத் தவிர்த்தல் இயலாது. இதன் பொருளையும் வழக்கையும் விளக்கித் தமிழ் நிகரனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பொருள்

சுரங்கத்தில் முதலில் ஆழ்கிணறு இறக்கப்படும். பின்னர் குறிப்பிட்ட ஆழங்களில் தாதுநரம்பை ஒட்டிக் கிடைவழிகள் வெட்டப்படும். மேல், கீழ்க் கிடைவழிகளுக்கு இடையே எஞ்சி நிற்கும் தாதுவை உடைத்தெடுப்பதே ‘ஸ்டோப்’ செய்தலாகும். கிணறு இறக்குதலும் வழி வெட்டுதலும் இவ்வினையுள் அடங்கா. வெட்டுமுகம் படிக்கட்டுப் போல் அமைந்தமையின், படியைக் குறிக்கும் சொல்லோடு இது தொடர்புடையது என்பர். இதே வடிவம் பெயராகி, தாது எடுத்தபின் எஞ்சும் வெற்றிடத்தையும் குறிக்கும்.

3. வழக்கு

இவ்வினையின் இறந்தகால வடிவில் பகர ஒலிக்குரிய எழுத்து ஒன்றே வரும். அவ்வெழுத்து இரட்டித்தால் ‘நிறுத்தப்பட்டது’ என்னும் பொருள்தரும் வேறு வினையாகிவிடும். ‘இப்பகுதி ஸ்டோப் செய்யப்பட்டது’ என்பதை ‘இப்பகுதியில் பணி நிறுத்தப்பட்டது’ எனப் பெயர்த்தால், தாது எடுக்கப்பட்டு வெற்றிடமான பகுதியைப் பாறை நிறைந்த பகுதி எனக் கொள்ள நேரும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. பாறை வெடிப்புகளுக்குப் பெயர்பெற்றது. வெற்றிடங்கள் சுற்றுப்பாறையின் அழுத்தத்தை மாற்றுவதாலேயே அங்குக் கருங்கற் சுவர்களால் தாங்கல் அமைத்தனர். எனவே இவ்வோரெழுத்துப் பிழை சொற்பிழையளவில் நில்லாது.

அடைமொழிகளும் மயக்கம் தருவன. ‘ஓவர்ஹேண்ட்’ என்பது கீழிருந்து மேல்நோக்கி எடுத்தல்; ‘அண்டர்ஹேண்ட்’ என்பது மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தல். பின்னதற்குப் பொது ஆங்கிலத்திலுள்ள ‘வஞ்சகமான’ என்னும் பொருள் ஈண்டுப் பொருந்தாது.

4. தமிழ் நிகரன்

தோண்டு, குடை, அகழ் என்னும் மூன்றும் எண்ணத்தக்கன. ‘தோண்டு’ பெரும்பாலும் நிலப்பரப்பிலிருந்து கீழ்நோக்கிய செயலைச் சுட்டும். ‘குடை’ என்பதில் உள்வெளி உண்டாக்குதலே நோக்கம். குடைவரைக் கோயில் என்னும் வழக்கு இதற்குச் சான்று. ‘ஸ்டோப்’ வினையிலோ எடுக்கப்படும் பொருளே நோக்கம். வெளி அதன் எச்சம். ஆகவே கிடைவழிக்குக் ‘குடைதல்’ பொருந்தும்; ‘ஸ்டோப்’ வினைக்கு ‘அகழ்தல்’ பொருந்தும். பொது அகழ்விலிருந்து வேறுபடுத்தப் ‘படியகழ்தல்’ எனலாம். செயல் ‘படியகழ்வு’, இடம் ‘படியகழிடம்’ ஆகும்.

படி வடிவம் இல்லாத முறைகளுக்கு இச்சொல் பொருந்துமோ எனின், பொருந்தும். ஆங்கிலத்திலும் இவ்வினை படியை விட்டு விரிந்துவிட்டது. பாறைக்குழம்பு மேற்பாறையைப் பெயர்த்து எழுவதற்கும் டேலி என்னும் புவியியலார் 1903-இல் இச்சொல்லை ஆண்டார். எள்ளின் நெய்யாகிய எண்ணெய், தேங்காய்க்கும் உரியதானமை தமிழில் இதனை ஒத்ததாகும்.

5. முடிவுரை

தங்கவயலின் தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர். அவர்தம் உழைப்பின் வரலாறு ஆங்கில ஆவணங்களில் பதிவாகியுள்ளது. அதனைத் தமிழில் தருவோர், நிறுத்தியதையும் அகழ்ந்ததையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.