கையில் காசு இருந்தால்தான் முடிக்க முடிகின்ற ‘இலவச’ வீடு

“வீட்டுத்திட்டம் கிடைச்சிட்டுதோ?”

வன்னியில் எந்தக் கிராமத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். வீடு கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை, திட்டம் கிடைத்ததா என்றுதான் கேட்கிறார்கள். கேள்வி சரியானதுதான். ஏனெனில் கிடைப்பது வீடு அல்ல. பயனாளிகள் பட்டியலில் ஒரு பெயரும், வங்கிக் கணக்கில் தவணை தவணையாக விழும் பணமும்தான். அந்தப் பணம் வீடாக மாறுவதற்குள் ஒரு குடும்பம் எதையெல்லாம் கடக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவுஸ்திரேலியாவில் முதல் வீட்டுக்கான அரசு மானியம் 2000ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது. அப்போது 7,000 டொலர். அங்குள்ள உறவினர்கள் இதைத் தொலைபேசியில் சொல்லும்போது, எங்களுடைய அரசாங்கமும் இப்படித் தரலாம்தானே என்று தோன்றும். ஆனால், அங்கே காணி இல்லாதவரும் கட்டி முடித்த வீடொன்றை விலைக்கு வாங்கி உதவி கேட்கலாம். இங்கே முதல் வீட்டுக்கான அரச உதவி பெரும்பாலும் கட்டுபவருக்கே போகிறது. இது புதிய கதையல்ல. 1978இல் தொடங்கிய இலட்சம் வீட்டுத்திட்டத்தில் அரசு பெருமளவில் தானே வீடுகளைக் கட்டியது. செலவு தாங்காமல், 1984இல் வந்த பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தில் குடும்பமே கட்டட்டும், அரசு சிறு கடன் கொடுக்கும் என்று மாறியது. அதன் பிறகு வந்த திட்டங்களில் பல அந்தப் பாதையில்தான் நடக்கின்றன. கட்டுவதென்றால் காணி வேண்டும். காணி இருந்தால் போதாது, அதற்குப் பத்திரமும் வேண்டும்.

வன்னியில் பல குடும்பங்கள் இருப்பது உறுதிக் காணியில் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியில். தாத்தாவின் பெயரில் பத்திரம் இருக்கும். தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்காது, அல்லது பதிந்த பத்திரமே இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். பின்னுரித்தாளர் குறிக்கப்படாத இடத்தில் பிள்ளைகளுக்குள் மகள்மாருக்கு முன்னால் மகன்மாரை வைத்தது அந்தச் சட்டம். 2022இல் செய்யப்பட்ட திருத்தம்தான் இந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்கள் பெரும்பாலும் வழங்கப்பட்டு முடிந்த பிறகு.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பயனாளிகளைத் தெரிவு செய்யும்போது பெண் தலைமைத்துவக் குடும்பத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆனால், அந்தப் பெண் இருக்கும் காணி தமையனின் பெயரில் இருந்தால், முன்னுரிமையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு தமையனின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும். தமையன் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் அலைச்சல். பிரதேச செயலகக் காணிக் கிளைகளில் நான் பார்த்த வரிசைகளில் பெண்கள்தான் அதிகம்.

காணிச் சிக்கல் இல்லாதவர்களுக்கும் அடுத்த கணக்கு காத்திருக்கிறது. போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்களில் பெரியது இந்திய அரசின் நிதியில் வந்தது. 2010இல் 50,000 வீடுகள் என்று அறிவிக்கப்பட்டு, வடக்கு கிழக்கில் மட்டும் 46,000 வீடுகள் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாயும், திருத்த வேலைக்கு 250,000 ரூபாயும் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பப்பட்டன. ஒப்பந்தக்காரரிடம் பணத்தைக் கொடுக்காமல் மக்களிடமே கொடுத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அந்த வீடுகளில் பெரும்பாலானவை இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஆட்கள் தங்கள் கண்முன்னே, தாங்கள் தெரிவு செய்த மேசனைக் கொண்டு கட்டியவை அவை.

ஆனால், கணக்கைப் பாருங்கள். ஏறத்தாழ 550 சதுர அடி வீட்டுக்கு 550,000 ரூபாய். சதுர அடிக்கு 1,000 ரூபாய். அத்திவாரத்திலிருந்து கூரை, யன்னல், நிலம், மலசலகூடம் எல்லாம் இதற்குள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பும் மாவட்டத்தில் மணலும் கல்லும் மேசன் கூலியும் ஒரே விலையில் நிற்குமா?

பணம் வரும் முறை இதைவிடச் சிக்கலானது. இப்படியான திட்டங்களில் முதல் தவணை வேலை தொடங்குவதற்கு வரும். அதன் பிறகு குறிப்பிட்ட கட்டம் முடிய வேண்டும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்க வேண்டும், அறிக்கை போக வேண்டும், அப்போதுதான் அடுத்த தவணை. பணம் வீணாகாமல் இருக்க இது தேவை என்பது உண்மை. ஆனால், முதல் தவணைப் பணம் அத்திவாரத்தோடு தீர்ந்துவிட்டால் சுவரை எழுப்பும் காசு யாருடையது? குடும்பத்தினுடையது. கையில் காசு இல்லாததால்தான் அந்தக் குடும்பம் பட்டியலிலேயே இருக்கிறது. ஆகவே முதலில் தோடு அடகுக்குப் போகும், பிறகு சங்கிலி. அடுத்தது கடையில் சீமெந்துக் கடன். கடைசியில், வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வரும் நுண்நிதி நிறுவனத்தின் ஆள். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முடிவெடுத்தது. வீட்டை முடிப்பதற்கு வாங்கி வளர்ந்த கடன்களும் இந்தக் கடன் சுமைக்குள் இருந்தன.

“ஆக்கள் திட்டத்தில சொன்னதைவிடப் பெரிசாக் கட்டினதாலதான் கடன்” என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. சிலர் கட்டியது உண்மைதான். மகளுக்குச் சீதனமாகப் போகப்போகும் வீட்டில் ஒரு அறையைக் கூட்டிக் கட்டும் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தவிர, திட்டத்தில் சொன்ன அளவிலேயே கட்டியவர்களும் கடன்பட்டார்கள்.

தவணை முறையின் மிக மோசமான முகம் 2019இன் பின்னர் தெரிந்தது. அதற்கு முந்திய அரசாங்கத்தில் தேசிய வீடமைப்பு அதிகார சபை ஊடாகத் தொடங்கப்பட்ட பல வீடுகள், ஆட்சி மாறியதும் மிகுதித் தவணை வராமல் அரைகுறையாக நின்றன. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் கூரையில்லாத சுவர்களுக்குள் மரம் முளைத்தது. இருந்த தகரக் கொட்டிலையும் பிரித்துவிட்டு வேலை தொடங்கியவர்கள் உறவினர் வீட்டுத் திண்ணைகளில் இருந்தார்கள். காத்திருந்த காலத்தில் விலை ஏறியது. 2021இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,000 ரூபாயாக இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை, 2022 நெருக்கடியில் 3,000 ரூபாயைத் தொட்டது. பல வருடம் கழித்து அதே தொகை வந்தால்கூட அது முழுத் தவணை ஆகாது, மூன்றில் ஒன்றுதான்.

பணம் இல்லாததால் இப்படி நடந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகளைக் கொண்டுவர அரசு முயன்றபோது, ஒரு வீட்டுக்குப் பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். அதில் பாதியளவில் நல்ல கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் மக்களும் எதிர்த்த பிறகே அது கைவிடப்பட்டது. ஒரு குடும்பத்தின் கையில் கொடுக்கும்போது இறுக்கிப் பிடிக்கப்படும் பணம், ஒரு நிறுவனத்துக்கு என்றால் தாராளமாகிவிடுகிறது.

மலையகத்தில் கதை காணியிலேயே நின்றுவிடுகிறது. லயன் அறை நிற்கும் நிலம் தொழிலாளியுடையது அல்ல. தலைமுறை தலைமுறையாக இருந்தும் பத்திரம் இல்லை என்பதால் வீட்டுக்கடன் கேட்டு வங்கி வாசலை மிதிக்க முடியாது. 7 பேர்ச் காணி என்ற கொள்கை முடிவு வந்த பிறகும், உறுதி கையில் கிடைக்காமல் புதுவீட்டுக்குக் குடிபோனவர்கள் இருக்கிறார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீடுகளுக்கு இப்போது ஒரு வீட்டுக்கு 28 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்படுகிறது. 550,000 ரூபாய் எங்கே, 28 இலட்சம் எங்கே?

சம்பளக்காரர்களுக்கு வேறு வழி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஊழியர் சேமலாப நிதியில் குறைந்தது 10 வருடம் வேலை செய்து, குறிப்பிட்ட அளவு மீதி வைத்திருப்பவர், வீட்டுத் தேவைக்காக அதில் 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். பயனுள்ள வசதிதான். ஆனால், அது அரசின் பணமல்ல. வயோதிப காலத்துக்கென்று நாங்களே சேர்த்தது.

உங்கள் பெயர் ஏதாவது வீட்டுத்திட்டப் பட்டியலில் இருந்தால், அத்திவாரம் வெட்டுவதற்கு முன் அனுமதிப்பத்திரத்தில் இன்றைய திகதியில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைக் காணிக் கிளையில் பாருங்கள். எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எந்த வேலை முடிந்த பிறகு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். உத்தியோகத்தர் பார்வையிட வந்த திகதியையும் குறித்து வையுங்கள். இரண்டாம் தவணை வரும்வரை பழைய கொட்டிலைப் பிரிக்க வேண்டாம்.