பதக்கப் பட்டியலில் கிரிக்கெட்: யாருக்குத் தேவை?

1998 செப்டம்பர் 19. கெலானா ஜெயா பிகேஎன்எஸ் திடலில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் கிரிக்கெட் இறுதியாட்டம். ஷோன் பொல்லாக் 19 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து நான்கு விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆஸ்திரேலியா 183 ஓட்டங்களில் சுருண்டது. அதில் ஏறக்குறைய பாதியை, ஆட்டமிழக்காமல் 90 ஓட்டங்களை, அணித்தலைவர் ஸ்டீவ் வாஹ் ஒருவரே எடுத்தார். தென்னாப்பிரிக்கா நான்கு விக்கெட் வித்தியாசத்தில் தங்கம் வென்றது.

காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் கிரிக்கெட் நடந்தது அந்த ஒரு முறைதான். பிறகு ஏன் நடக்கவில்லை?

50 ஓவர் ஆட்டம் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். 16 அணிகளுக்குத் திடல் தேடுவதும் பெரும்பாடு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், பெரிய வாரியங்கள் மனம் வைக்காததுதான். உள்நாட்டுப் பருவத்தைக் காரணம் காட்டி இங்கிலாந்து வரவேயில்லை. இந்தியா அணியை இரண்டாகப் பிரித்தது. அசாருதீன் தலைமையில் ஒரு பாதி பாகிஸ்தானுடன் மோத டொரொண்டோ போனது. ஜடேஜா தலைமையில் டெண்டுல்கரும் கும்ப்ளேவும் அடங்கிய மறுபாதி இங்கே மலேசியாவுக்கு வந்து, முதல் சுற்றோடு திரும்பியது. ஆட்டங்களுக்கு அதிகாரப்பூர்வ ஒருநாள் ஆட்டத் தகுதியும் கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கல் இன்றுவரை தீரவில்லை. வெஸ்ட் இண்டீஸ் என்பது கிரிக்கெட்டில் மட்டுமே இருக்கும் அணி. அப்படி ஒரு நாடு கிடையாது. அதனால் 1998இல் பார்படோஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா என்று தனித்தனியாகத்தான் வந்தார்கள். ஒலிம்பிக்கிலும் இதே கேள்வி எழும்.

ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இதற்கு முன் தலைகாட்டியது 1900 பாரிஸில். பிரிட்டனும் பிரான்ஸும் அணிக்குப் பன்னிரண்டு பேராக ஆடிய ஒரே ஆட்டம், அவ்வளவுதான். 2028 லாஸ் ஏஞ்சலிஸில் அது டி20 வடிவில் திரும்புகிறது. ஆண்களில் ஆறு அணி, பெண்களில் ஆறு அணி. காமன்வெல்த் போட்டிக்கு 2022இல் பர்மிங்ஹாமில் பெண்கள் டி20ஆகத் திரும்பிய கிரிக்கெட், 2026 கிளாஸ்கோ பட்டியலில் மறுபடியும் இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஐபிஎல் பருவத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களில், தே தாரிக் ஆறுவதுகூடத் தெரியாமல் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேருக்கு 2023 அக்டோபர் 4ஆம் தேதி நினைவிருக்கும்?

அன்று ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் காலிறுதி. வங்காளதேசம் 116 ஓட்டங்கள் எடுத்திருந்தது. மலேசியாவுக்குக் கடைசி ஓவரில் ஐந்தே ஓட்டங்கள் தேவை. அரைசதம் கடந்திருந்த விரன்தீப் சிங் களத்தில் நின்றார். பந்துவீசியவர் அஃபிஃப் ஹுசைன். அந்த ஓவரிலேயே விரன்தீப் 52 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். மலேசியா 114இல் நின்றது. டெஸ்ட் ஆடும் நாடு ஒன்றிடம் இரண்டே ஓட்டங்களில் அரையிறுதி நழுவிப்போனது.

என் வாதம் இந்த இரண்டு ஓட்டங்களில்தான் நிற்கிறது. இந்தியாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஒலிம்பிக் தங்கம் அலமாரியில் இன்னொரு கோப்பை. உலகக் கிண்ணக் கதவு திறக்காத மலேசியாவுக்கு, பெரிய அணிகளோடு நேருக்கு நேர் நிற்கக் கிடைக்கும் அரிய வாசல் இத்தகைய போட்டிதான். நம் நாட்டில் ஒரு விளையாட்டின் மதிப்பைப் பதக்கமே தீர்மானிக்கிறது. 2017 கோலாலம்பூர் சீ போட்டியில் கிரிக்கெட் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் 50 ஓவர் பிரிவில் தங்கம் நமக்கே கிடைத்தது. ஒரு தமிழ்ப் பிள்ளை திடலுக்குப் போகிறேன் என்று கேட்கும்போது, பெற்றோர் தயங்காமல் தலையாட்ட இப்படி ஒரு தங்கம் வேண்டியிருக்கிறது.

ஆகவே கிரிக்கெட்டுக்குப் பதக்கப் பட்டியலில் இடம் உண்டு, உறுதியாக உண்டு. ஆனால் ஆறு அணிகளோடு கதவைச் சாத்திக்கொள்ளும் ஒலிம்பிக்கைவிட, நேப்பாளமும் மலேசியாவும் ஆட முடிகிற ஆசியப் போட்டியே இந்த விளையாட்டுக்கு அதிக நன்மை செய்கிறது. 2010, 2014 என இருமுறை சேர்த்துவிட்டு 2018 ஜகார்த்தாவில் விலக்கியதுபோல இனி விலக்கக் கூடாது. 2026 ஐச்சி-நகோயா பட்டியலில் கிரிக்கெட் இருப்பது நல்ல செய்தி.

நம்மிடம் திறமை இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் திடலில், 2023 ஜூலை 26 அன்று மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக எட்டு ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். ஏழு பேரின் ஸ்டம்பும் தெறித்தது. ஆண்கள் அனைத்துலக டி20 ஆட்டத்தில் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. 2025 பிப்ரவரி 2 அன்று இதே திடலில்தான், தமிழ்நாட்டின் கமலினி இடம்பெற்ற இந்திய அணி 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தை வென்றது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பண்டமாரான் அப்படியொன்றும் தொலைவில்லை. அடுத்த முறை தேசிய அணி அங்கே ஆடும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.