எந்தக் காணொளி என்று சொல்லுங்கள்

யார் வேண்டுமானாலும் காணொளி ஏற்றலாம் என்று திறந்து கிடக்கும் தளத்தில் ஒருவர் அடுத்தவரின் நிகழ்ச்சியை ஏற்றிவிட்டால், அதற்குத் தளம் பொறுப்பா? பொறுப்புதான் என்று சொல்லி, 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு, 2007 மார்ச்சில் யூடியூப் மீதும் அதை வாங்கியிருந்த கூகுள் மீதும் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது எம்டிவியின் உரிமையாளரான வயாகாம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய தளங்களுக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. மீறல் நடப்பது தெரியாமல் இருந்து, தெரிந்தவுடன் நீக்கிவிட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே ஏழாண்டு வழக்கின் பெரும்பகுதி ‘தெரிவது’ என்றால் என்ன என்பதைச் சுற்றியே நடந்தது.

திருட்டுக் காணொளிகள் குவிந்திருப்பது யூடியூபுக்குத் தெரியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் 2006 மார்ச்சில் எழுதிய உள்குறிப்பில், தளத்தில் கிடைக்கும் பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பெயர்களே இருந்தன. ஆனாலும் நீதிபதி லூயி ஸ்டான்டன் 2010இல் யூடியூப் பக்கமே தீர்ப்பளித்தார். பொதுவாகத் தெரிவது போதாது, குறிப்பிட்ட காணொளி தெரிய வேண்டும் என்றார். தளத்துக்கு இது சலுகை போலத் தோன்றினாலும் சரியான அளவுகோல் என்றே சொல்வேன். ஒரு காணொளி திருட்டா இல்லையா என்பது அதன் முகத்தில் எழுதியிருப்பதில்லை. அனுமதி கொடுத்த கடிதம் உரிமையாளரின் கோப்பில்தான் இருக்கும். வயாகாமே விளம்பரத்துக்காகத் தன் காட்சிகளை வெளியாட்கள் மூலம் சத்தமில்லாமல் ஏற்றியது என்று யூடியூப் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டியது. ஏற்றியது தானா பிறரா என்று உரிமையாளருக்கே குழப்பம் வருமென்றால், நடுவில் இருப்பவர் எதைக் கண்டுபிடிப்பார்? 2007 பிப்ரவரியில் சுமார் ஒரு லட்சம் காணொளிகளை வயாகாம் சுட்டிக்காட்டியபோது, அடுத்த வேலைநாளுக்குள் அநேகமாக எல்லாமே நீக்கப்பட்டன. சுட்டிக்காட்டினால் வேலை நடந்தது.

கண்ணை மூடிக்கொண்டு லாபம் பார்ப்பவனை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஒதுக்கவில்லை. குறிப்பிட்ட மீறலை வேண்டுமென்றே பார்க்காமல் இருப்பதும் தெரிந்ததற்குச் சமம் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. இருந்தும் எந்தெந்தக் காணொளி யூடியூபுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு வயாகாமால் ஆதாரம் காட்ட முடியவில்லை. 2013இல் மறுபடியும் தோற்றது. 2014இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இந்தியாவிலும் இதே பாதைதான். லட்சத்துக்கு மேற்பட்ட பாடல்களின் பட்டியலைக் கொடுத்து மைஸ்பேஸ் தளத்தின் மீது இசை நிறுவனமான டி-சீரிஸ் தொடுத்த வழக்கில், தனி நீதிபதி 2011இல் தளத்தைப் பொறுப்பாக்கினார். 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அதை மாற்றியது. பாட்டின் தலைப்பைக் கொடுப்பது கோப்பைக் காட்டுவதாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் எதிர்த்திசையில் போனது. பெரிய தளங்கள் முன்கூட்டியே உரிமம் பெறவும் தடுக்கவும் முயல வேண்டும் என்றது. அதற்குக் கருவி தேவை. கருவி ஒலியையும் காட்சியையும் பொருத்திப் பார்க்கும். கேலியா, விமர்சனமா, அனுமதி பெற்றதா என்று அதற்குத் தெரியாது. என் வாதத்தில் உண்மையாகவே பலவீனமான இடம் வேறு: தேடிச் சுட்டிக்காட்டும் பாரம். பெரிய நிறுவனத்துக்கு அதற்கென ஆட்கள் உண்டு. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிக் கருவியும் பெருந்தொகுப்பு வைத்திருப்போருக்கே கிடைக்கிறது. தனியாகப் பாட்டுப் போடும் ஒருவர் தானே தேடித் தானே எழுத வேண்டும். அப்படி எழுதினால் இந்தியச் சட்டப்படி 36 மணி நேரத்தில் தளம் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் அவர் நீதிமன்ற ஆணையோடு வராவிட்டால் காணொளியைத் தளம் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அந்த மூன்று வாரத்துக்குள் அவர் வக்கீல் பிடித்து, கட்டணம் கட்டி, தடை வாங்கியாக வேண்டும்.