அறுவடை நேரத்து மழையும் காப்பீட்டு உரிமையும்

தை பிறந்தால் மழை ஓய்ந்துவிடும் என்று நம்பித்தான் காவிரி டெல்டாவில் சம்பாவும் தாளடியும் நடுகிறார்கள். 2021 ஜனவரியும் 2023 பிப்ரவரியும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கின. அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்து, தேங்கிய நீரில் கிடந்து முளைவிட்டது. சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்கள் வளரும் பருவத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். முற்றிச் சாய்ந்த கதிருக்கு அந்தக் குணம் உதவாது. அப்போது கைகொடுக்க வேண்டியது காப்பீடுதான்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். குத்தகை சாகுபடியாளரும் சேரலாம், வி.ஏ.ஓ. தரும் அடங்கலைத் தயாராக வைத்திருங்கள். கடைசித் தேதியை நீட்டிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ரசீது கைக்கு வந்ததும் கிராமம், சர்வே எண், பரப்பு மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள்.

“என் வயல் முழுக்கப் போச்சு, ஒரு பைசா வரலையே” என்ற குரல் ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறது. காரணம், இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. கிராமத்தில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அந்தச் சராசரி மகசூலை முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து வகுத்த அளவோடு ஒப்பிடுகிறார்கள். மேட்டு வயல் தப்பித்தால் பள்ளத்து வயல்காரருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். பாதிப்பு ஆண்டுகள் பெருகப் பெருக அந்த அளவுகோலும் தாழ்ந்துகொண்டே போகும். பருவம் மாறும் காலத்தில் இது பெரும் அநீதி. பரிசோதனை நாளைக் கேட்டறிந்து, ஊர்க்காரர்களோடு நேரில் போய் நில்லுங்கள்.

தனி வயலுக்கு இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. அறுத்து வயலிலேயே காயப்போட்ட பயிர் 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தண்ணீர் வடியும் முன்பே படமெடுங்கள். நிற்கும் நெல் மூழ்குவதை 2018-இல் இந்தத் தனிவயல் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். 2026 காரீஃப் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. உங்கள் மாவட்ட அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

அரசின் பேரிடர் நிவாரணம் வேறு. 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் காப்பீடு செய்யாதவரும் அதைப் பெறலாம்; 2023-இல் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். கணக்கெடுப்பில் உங்கள் வயல் விடுபட்டாலோ, காப்பீட்டுத் தொகை தாமதமானாலோ, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தாமதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் 12 சதவீத வட்டி தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மனுவில் அதையும் கேட்டு எழுதுங்கள்.