ஹைபிரிட் காருக்குக் கூடுதல் விலை: மீட்டுத் தருமா கொல்கத்தா நெரிசல்?

புது தில்லி: பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டிவிட்ட நகரங்களில், புதிய கார் வாங்க நினைக்கும் நடுத்தரக் குடும்பங்களை ஒரு கேள்வி குழப்பி வருகிறது. பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் எஸ்.யு.வி. ரக காருக்கு, சாதாரணக் காரைவிட இரண்டரை லட்சம் ரூபாய் வரை கூடுதலாகக் கொடுப்பது லாபமா, நஷ்டமா என்பதே அது.

தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் போன்ற ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், விளம்பரங்கள் சொல்லும் விடை கிடைப்பதில்லை. கிடைக்கும் விடையில் ஒரு பாதியை அந்நகரின் சாலைகள் தீர்மானிக்கின்றன. மறுபாதியைத் தீர்மானிப்பது தில்லியில் வகுக்கப்படும் வரிக் கொள்கை.

ஒரே பெயரில் இரு வகை: 2022 செப்டம்பரில் மாருதி சுஸுகி நிறுவனத்தின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டா நிறுவனத்தின் அர்பன் குரூசர் ஹைரைடர் ஆகிய கார்கள் சந்தைக்கு வந்த பிறகே, ஹைபிரிட் எஸ்.யு.வி. என்பது நடுத்தர வகுப்பினரின் பேச்சில் இடம்பெற்றது. பெங்களூரை அடுத்த பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் இவ்விரண்டும் தயாராகி வந்தன.

இதில் வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது, ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வண்டிகள் விற்கப்படுகின்றன என்பதை. "மைல்டு ஹைபிரிட்' என்பது அடிப்படையில் பெட்ரோல் கார்தான். அதில் உள்ள சிறு மோட்டார், என்ஜினுக்குச் சற்றுத் துணை செய்யுமே தவிர, வண்டியைத் தனியாக ஓட்டாது. "ஸ்ட்ராங் ஹைபிரிட்' வண்டியில் உள்ள மோட்டாரோ, குறைந்த வேகத்தில் என்ஜினை அணைத்துவிட்டுத் தானே வண்டியை நகர்த்தும். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேர்க்கும். வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யத் தேவையில்லை. கூடுதல் விலை இந்த இரண்டாவது வகைக்கே.

2022-ல் அறிமுகமானபோது, தானியங்கி கியர் கொண்ட கிராண்ட் விட்டாரா மைல்டு ஹைபிரிட் "ஸீட்டா' வகையின் ஷோரூம் விலை ரூ. 15.39 லட்சம். அதற்கு இணையான ஸ்ட்ராங் ஹைபிரிட் "ஸீட்டா பிளஸ்' ரூ. 17.99 லட்சம். வேறுபாடு ரூ. 2.60 லட்சம். ஆய்வக முறையில் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் முன்னதற்கு லிட்டருக்கு 20.58 கி.மீ.; பின்னதற்கு 27.97 கி.மீ.

காகிதக் கணக்கு: 2025-ல் கொல்கத்தாவில் ஒரு லிட்டர் பெட்ரோல் ரூ. 105.41-க்கு விற்றது. ஆண்டுக்கு 10 ஆயிரம் கி.மீ. ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டால், சான்றளிக்கப்பட்ட மைலேஜின்படி சாதாரண வண்டிக்குச் சுமார் 486 லிட்டரும், ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குச் சுமார் 358 லிட்டரும் தேவை. மிச்சம் 128 லிட்டர். பணமாகச் சொன்னால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 13,500.

இந்த வேகத்தில் ரூ. 2.60 லட்சத்தை மீட்க 19 ஆண்டுகள் ஆகும். தனியார் காரின் முதல் பதிவுக் காலமோ 15 ஆண்டுகள். அதே ரூ. 2.60 லட்சத்தை ஆண்டுக்கு 7 சதவீத வட்டி தரும் வைப்புத் தொகையாகப் போட்டால் ரூ. 18,200 வட்டி கிடைக்கும். அதாவது பெட்ரோலில் மிச்சமாவதைவிட வட்டி அதிகம். ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கார் வாங்கும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தி அல்ல.

கடன் வாங்கினால் சுமை இன்னும் கூடும். கூடுதல் ரூ. 2.60 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால், வட்டியாக மட்டும் ஏறத்தாழ ரூ. 64 ஆயிரம் கட்ட நேரிடும். விலை உயர உயரக் காப்பீட்டுக் கட்டணமும் சாலை வரியும் உயரும். தமிழகத்தில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரியின்படி, ரூ. 10 லட்சம் முதல் ரூ. 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு விகிதம் 18 சதவீதம். ஹைபிரிட்டின் கூடுதல் விலைக்கும் அந்த வரி உண்டு.

நெரிசல் மாற்றும் கணக்கு: ஆனால் ஆய்வகத்தில் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை கிடையாது. 2025 ஜனவரியில் வெளியான டாம்டாம் நிறுவனத்தின் போக்குவரத்துக் குறியீட்டின்படி, 2024-ல் கொல்கத்தாவில் 10 கி.மீ. தொலைவைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 33 விநாடிகள் ஆயின. இந்திய நகரங்களில் அதுவே மிக மெதுவான வேகம். உலக அளவில் இரண்டாவது இடம். மணிக்கு 17 கி.மீ. என்ற அந்த வேகத்தில், சாதாரண என்ஜின் சிக்னல்தோறும் நின்றபடியே பெட்ரோலைக் குடிக்கிறது. ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டியில் அந்நேரங்களில் என்ஜின் அணைந்திருக்கும்.

எனவே நகரில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி விரிகிறது. நெரிசலில் சாதாரண தானியங்கி வண்டி லிட்டருக்கு 11 கி.மீ.யும், ஸ்ட்ராங் ஹைபிரிட் 20 கி.மீ.யும் தருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 10 ஆயிரம் கி.மீ. ஓட்டினால் மிச்சம் 409 லிட்டர், அதாவது ஏறத்தாழ ரூ. 43 ஆயிரம். அப்போது கூடுதல் விலை ஆறு ஆண்டுகளில் திரும்பிவிடும். 20 ஆயிரம் கி.மீ. ஓட்டுவோருக்கு மூன்றே ஆண்டுகள். ஆண்டுக்கு 6 ஆயிரம் கி.மீ. மட்டும் ஓட்டுவோருக்கோ பத்து ஆண்டுகள். ஹைபிரிட் பேட்டரிக்கு நிறுவனங்கள் அளிக்கும் உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 1.60 லட்சம் கி.மீ. என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆக, நெரிசலில் நாள்தோறும் நெடுநேரம் ஓட்டுபவருக்கு ஹைபிரிட் லாபம். வார இறுதியில் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவருக்கும், பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்பவருக்கும் அது லாபமில்லை.

மெட்ரோவும் ஒரு போட்டி: லேக் கார்டன்ஸ் பகுதிக்கு சியால்டா தெற்குப் பிரிவின் பஜ்பஜ் கிளைப் பாதையில் தனி ரயில் நிலையம் உண்டு. ரவீந்திர சரோவர் மெட்ரோ நிலையமும் தொலைவில் இல்லை. 2025 ஆகஸ்ட் 22-ல் எஸ்பிளனேடு - சியால்டா பகுதியும், நோவாபாரா - விமான நிலையப் பாதையும் திறக்கப்பட்டன. இதனால் ஹவுரா, சியால்டா ரயில் நிலையங்களுக்கும் விமான நிலையத்துக்கும் தென் கொல்கத்தாவிலிருந்து மெட்ரோவிலேயே செல்ல வழி பிறந்தது.

நாள்தோறும் அலுவலகத்துக்கு மெட்ரோவில் செல்லும் குடும்பத்தின் கார் ஆண்டுக்கு 6 ஆயிரம் கி.மீ. ஓடுவதே அதிகம். லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பகுதிகளில் தலைமுறைகளாக வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். பொதுப் போக்குவரத்து எந்த அளவுக்கு வளர்கிறதோ, அந்த அளவுக்கு ஹைபிரிட்டின் கூடுதல் விலை மீள்வது தள்ளிப்போகும். இதே நகரில்தான், 1873-ல் தொடங்கிய டிராம் சேவையை மைதானம் - எஸ்பிளனேடு தடம் தவிர மற்ற இடங்களில் நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

வரியில் இரு துருவங்கள்: வாங்குவோரின் கணக்கைப் புரட்டிப் போடக்கூடிய இன்னொன்று வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, ஹைபிரிட் கார்கள் 28 சதவீத வரியோடு 15 சதவீத கூடுதல் தீர்வையும் சேர்த்து 43 சதவீதப் பிரிவில் வைக்கப்பட்டன. அதற்கு முன் அவற்றின் மீதான மொத்த வரி சுமார் 30 சதவீதமாக இருந்தது. மின்சார வாகனங்களுக்கு 12 சதவீதமாக இருந்த வரியோ, 2019 ஆகஸ்டில் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

கிராண்ட் விட்டாராவின் மைல்டு ஹைபிரிட் வகைக்கு வரி 45 சதவீதம். ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 43 சதவீதம். 2 சதவீத சலுகையாவது இருந்தது. 2025 செப்டம்பர் 22-ல் அமலான ஜி.எஸ்.டி. சீரமைப்பில் பெரிய கார்கள் அனைத்தும் 40 சதவீதப் பிரிவுக்கு வந்தன. வரி குறைந்தது உண்மை. ஆனால் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு இருந்த அந்தச் சிறு முன்னுரிமையும் மறைந்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கி, 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் ஹைபிரிட் என்றால் 18 சதவீதம். 4.3 மீட்டர் நீளமும் 1,490 சி.சி. என்ஜினும் கொண்ட இந்த எஸ்.யு.வி.க்கள் அந்த வரம்புக்குள் வரவில்லை. வரிக்கு முன் ரூ. 10 லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு, அது மின்சாரக் கார் என்றால் வரி ரூ. 50 ஆயிரம், பெரிய ஹைபிரிட் என்றால் ரூ. 4 லட்சம்.

இதில் அமைச்சர்களிடையேயும் நிறுவனங்களிடையேயும் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஹைபிரிட் மீதான வரியைக் குறைக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2024-ல் நிதியமைச்சகத்துக்குப் பரிந்துரைத்தார். அதே ஆண்டு ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியை நீக்கியது. அச்சலுகையை டொயோட்டா, மாருதி, ஹோண்டா நிறுவனங்கள் வரவேற்றன; மின்சாரக் கார்களில் பெருமுதலீடு செய்துள்ள டாடா, மஹிந்திரா நிறுவனங்கள் எதிர்த்தன. மேற்கு வங்க அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் மோட்டார் வாகன வரிவிலக்கு அறிவித்தது மின்சார, இயற்கை எரிவாயு வாகனங்களுக்கு. ஹைபிரிட் அதில் இடம்பெறவில்லை.

இரு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஹைபிரிட் கார் இறுதிவரை பெட்ரோலையே நம்பியிருக்கிறது. கச்சா எண்ணெய் இறக்குமதியை அது குறைக்குமே தவிர ஒழிக்காது என்பது ஒரு வாதம். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே வருவதால், மின்சாரக் கார் முற்றிலும் தூய்மையானது அல்ல என்பது எதிர்வாதம். நிறுவனங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. 2022-23 முதல் கடுமையாக்கப்பட்ட எரிபொருள் சிக்கன விதிகளில், ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் இரண்டு வண்டிகளாகவும், ஒரு மின்சாரக் கார் மூன்றாகவும் கணக்கில் கொள்ளப்பட்டன. நிறுவனத்துக்கு இவ்வாறு உதவும் வண்டியை வாங்குபவருக்கு, வரியில் அதற்கு ஈடான சலுகை இல்லை.

மின்னேற்றமும் மழைநீரும்: வரி குறைவு என்பதால் எல்லோரும் மின்சாரக் காருக்கு மாறிவிட முடியுமா என்றால், அதுவும் எளிதல்ல. லேக் கார்டன்ஸில் பழைய வீடுகள் இருந்த மனைகளில் அடுக்ககங்கள் எழுந்துள்ளன. கீழ்த்தளத்தில் தனக்கென நிறுத்துமிடம் உள்ளவர், சங்கத்தின் ஒப்புதல் பெற்று மின்னேற்றக் கருவி பொருத்தலாம். தெருவோரம் நிறுத்துபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அத்தகையோருக்கு ஹைபிரிட் ஒரு நடுவழி.

மழையும் கணக்கில் வருகிறது. புதிய ஜி.எஸ்.டி. அமலான அதே நாள் இரவு, 2025 செப்டம்பர் 22-23-ல் கொல்கத்தாவில் பேய்மழை கொட்டியது. லேக் கார்டன்ஸை ஒட்டிய ஜோத்பூர் பார்க்கில் 285 மி.மீ., கடியா கம்டஹாரியில் 332 மி.மீ. மழை பதிவானது. நகரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். தாழ்வான இடத்தில் நிறுத்தப்பட்ட ஹைபிரிட் வண்டிக்கு என்ஜின், உயர் மின்னழுத்த பேட்டரி இரண்டிலும் ஆபத்து உண்டு. என்ஜினுக்குள் நீர் புகுந்தால் ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாகத் தனிப் பாதுகாப்புத் திட்டம் எடுத்திருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். பேட்டரிக்கும் அது பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

எது தீர்மானிக்க வேண்டும்?: வாங்குவோர் செய்ய வேண்டியது எளிய வகுத்தல்தான். ஒரே வசதிகள் உள்ள இரு வகைகளின் சாலை வரி, காப்பீடு உள்ளிட்ட முழு விலை வேறுபாட்டை, தம் வண்டி ஓடும் தொலைவுக்கு ஆண்டுதோறும் மிச்சமாகும் பெட்ரோல் செலவால் வகுக்க வேண்டும். விடை ஆறுக்குள் இருந்தால் துணிந்து வாங்கலாம். பத்தைத் தாண்டினால் சாதாரண வண்டியே போதும். விலை வேறுபாடு ரூ. 1.30 லட்சமாகச் சுருங்கினால் இந்த ஆண்டுக் கணக்கும் பாதியாகக் குறையும். அவ்வாறு சுருங்குவதும் விரிவதும் பெருமளவு வரியைப் பொருத்தது.

2025 ஏப்ரலில் பெட்ரோல் மீதான கலால் வரியை மத்திய அரசு லிட்டருக்கு ரூ. 2 உயர்த்தியபோது, கச்சா எண்ணெய் விலை சரிந்திருந்தது. சில்லறை விலை குறைக்கப்படவில்லை. பெட்ரோலைச் சிக்கனப்படுத்துங்கள் என்று மக்களிடம் கூறும் அரசு, பெட்ரோலுக்கும் வரி விதிக்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் பெரிய காருக்கும், அதிகம் குடிக்கும் பெரிய காருக்கும் ஒரே 40 சதவீத வரி நிர்ணயித்தது. காரின் நீளத்துக்கும் என்ஜின் அளவுக்கும் பதிலாக, அது கிலோமீட்டருக்கு எவ்வளவு எரிபொருள் செலவிடுகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால் என்ன என்ற கேள்விக்கு ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் பதில் சொல்ல வேண்டும்.