புதிய அடுப்பு வாங்குமுன்

“அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?” என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. பள்ளியில் பயிலும் நாம் இன்று அதற்கு விடை கூறலாம். ஊத வேண்டாத அடுப்பைத் தேர்ந்தெடுக்கத்தான் படிப்பு வேண்டும்! ஒரு புடவை எடுக்க நான்கு கடைகள் ஏறி இறங்கும் நாம், பல ஆண்டுகள் நாள்தோறும் உழைக்கப்போகும் அடுப்பை விலை மட்டும் கேட்டு வாங்கிவிடுகிறோம். இது முறையன்று.

முதலில் விறகடுப்பைப் பார்ப்போம். மூன்று கல் கூட்டிய அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. எஞ்சியது காற்றோடு போகிறது. விறகு முழுமையாக எரியாததால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களும் உண்டாகின்றன. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுப்படியில் நிற்கும் தாயும் அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையுமே இப்புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் அல்லவா?

இத்துன்பத்தைப் போக்க அறிஞர் பலர் முயன்றனர். 1950களில் ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பரப்பினார். 1983இல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் தொடங்கியது. ஆயினும் கரி படிந்த குழாயைத் துடைப்பாரின்றியும், உடைந்த அடுப்பைப் பழுது பார்ப்பாரின்றியும் பல அடுப்புகள் வீணாயின. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்று: நம்மால் பராமரிக்க இயலும் அடுப்பே நல்ல அடுப்பு.

அடுத்தது எரிவாயு அடுப்பு. ஏழைக் குடும்பப் பெண்களின் பெயரிலேயே இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாள் தொடங்கப்பட்டது. அடுப்பு வந்தபின்னும், சிலிண்டரை மறுபடி நிரப்பப் பணமின்றி விறகுக்குத் திரும்பும் வீடுகள் பல. ஆகவே அடுப்பின் விலையோடு எரிபொருளின் மாதச் செலவையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று முதலில் பாருங்கள். வெப்பத்தில் நூற்றுக்கு 68 பங்காவது பாத்திரத்தைச் சேர வேண்டும் என்பது இந்தியத் தர விதி. கனமான பித்தளை பர்னர் நெடுநாள் உழைக்கும். மூன்று பர்னர் என்றவுடன் மயங்கிவிடாதீர்கள். இட்லிக் கொப்பரையும் குழம்புச் சட்டியும் இடிக்காமல் அருகருகே நிற்குமா என்று பாருங்கள். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோரமே தங்கும். எனவே சிலிண்டரை நிமிர்த்தித் தரையில் வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் வைக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வாடை வந்தால் மின்விசையைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும்.

மின்காந்தத்தால் இயங்கும் இண்டக்ஷன் அடுப்பில் புகையும் இல்லை, சுடரும் இல்லை. ஆனால் அடி தட்டையான, காந்தம் ஒட்டும் பாத்திரமே அதற்கு ஆகும். மண்சட்டி, ஈயச்சொம்பு, அலுமினியக் குண்டான் ஆகியவை ஆகா. வாங்கப் போகுமுன் வீட்டுப் பாத்திரங்களில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் போதும், பணம் வீணாகாது. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊரில் இதை மட்டும் நம்பியிருக்கலாகாது.

தோழியரே! வீட்டில் புதிய அடுப்பு வாங்கும் பேச்சு எழும்போது, நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதன் மாதச் செலவு நமக்குத் தாங்குமா? நம் பாத்திரங்களுக்கும் அடுக்களைக்கும் பொருந்துமா? அன்றாடம் இதன்முன் நிற்பவரின் கண்ணையும் மூச்சையும் காக்குமா? மூன்றாம் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அம்மாவும் கேட்கமாட்டார். அவருக்காக நாம் கேட்போம். கற்ற கல்வியின் பயன் அதுவன்றோ!