குலமறுக்கும் கொசு

கொசுவை ஒழிப்பதற்காகக் கொசுவையே வளர்க்கிறார்களாமே, இது என்ன விபரீதம் என்று அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். விபரீதந்தான், ஆயினும் ரசிக்கத்தக்க விபரீதம்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே என்பதும், அனாபிலிஸ் இனமே மலேரியாவைச் சுமப்பது என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தியாகையால், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆண்ட்ரியா கிரிசாந்தியின் குழுவினர் நிகழ்த்தி 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனைக்கு நேரே வருகிறேன். ஆப்பிரிக்காவின் பிரதான மலேரியாக் கொசுவாகிய காம்பியேயின் உடலில் ஆண், பெண் என்னும் உருவ பேதத்தை நிர்ணயிக்கின்ற 'டபிள்செக்ஸ்' மரபணுவிலே, பெண்ணுக்கே உரிய பகுதியைக் 'கிரிஸ்பர்' என்னும் கருவியால் வெட்டி, வெட்டிய இடத்தில் அக்கருவியையே பதித்துவிட்டார்கள்.

பெற்றோரில் ஒருவரின் ஜோடிக் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் உள்ள மாறுதல் சந்ததியில் பாதிக்கே செல்வது இயற்கை நியதி. இங்கோ, பதிந்த கருவி ஜோடிக் குரோமோசோமையும் வெட்ட, உயிரணு அந்தச் சேதத்தைச் சரிசெய்யத் துணையைப் பார்த்துப் பிரதி எடுக்கிறது. செல்லரித்த வைத்தியச் சுவடியை என் பாட்டனார் வேறொரு பிரதியைப் பார்த்து எழுதி நிரப்புவார். அந்தப் பிரதியில் பிழை இருந்தால் அதுவும் சிரத்தையோடு ஏறிவிடும். அவ்வாறே இம்மாறுதலும் ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளுக்கும் போய்ச் சேருகிறது. ஆண்களுக்கு ஒரு தீங்குமில்லை. அவை அதைச் சுமந்து பரப்பும். இரு பிரதியும் மாறிய பெண்ணோ, ஆணுமின்றிப் பெண்ணுமின்றி, கடிக்கவும் முட்டையிடவும் சக்தியற்றுப் பிறக்கும். கூண்டிலிருந்த கூட்டம் 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் நிர்மூலமாயிற்று.

என்னை மயக்குவது இதற்கும் மேலான ஒரு நுட்பம். முந்தைய முயற்சிகளில், கருவியால் வெட்ட முடியாதபடி கொசுவின் மரபணு தானே மாறித் தப்பித்துக்கொண்டது. டபிள்செக்ஸின் இப்பகுதியோ சிறு மாறுதலையும் சகியாதது. ஆதலால்தான் அது யுகயுகமாக மாறாமல் வந்திருக்கிறது, தப்பவும் வழியற்றுப் போயிற்று.

இக்கொசுவை இன்னும் வெளியே விடவில்லை. விட்டபின் திருப்பி அழைக்க இயலாததாகையால், அந்தந்த நாட்டு மக்களின் சம்மதமின்றி விடுவது அக்கிரமம் என்பதே என் அபிப்பிராயம். நம் நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டீபென்சிக்கோ இத்தனை வித்தை வேண்டுவதில்லை. அது கிணற்றிலும், மூடியற்ற மாடித் தொட்டியிலும் முட்டையிடுவது. அதை நாம் அலட்சியமாக வளர்த்துவர, 2012-இல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும் கண்டுபிடிக்கப்பட்டது. வித்தையே வேண்டுமென்றாலும், இந்த ஸ்டீபென்சியைக் கொல்லாமல், அதன் உடலில் மலேரியாக் கிருமி வளராதபடி மட்டும் செய்யும் மரபணுவைக் கலிபோர்னியா விஞ்ஞானிகள் 2015-லேயே புகுத்திக் காட்டியிருக்கிறார்கள்.